சிறைக்குள் நாடகம்: மலையகத்தில் செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறத்தில் நாடகம் செய்கிற இளைஞர்கள், பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள், சில வேளை உள்ளே இருப்பவரின் வீட்டார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் இவை. சிலதுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலதுக்கு ஒரு வரி போதும்.

சிறைக்குள் நாடகம் என்றால் வருசத்துக்கு ஒரு நாள் நடக்கிற கலைநிகழ்ச்சியா?

அதுவும் நடக்கிறது. வெசாக், பொங்கல், செப்டெம்பர் 12 கைதிகள் தினம் என்று விசேஷ நாட்களில் உள்ளே பாட்டும் கூத்தும் உண்டு, நல்லதுதான். இங்கே பேசுவது வேறு. வெளியிலிருந்து ஒரு நாடகக்காரர் கிழமைக்கு ஒரு நாளாவது உள்ளே போய், அதே பத்துப் பதினைந்து பேரோடு மாதக்கணக்கில் வேலை செய்வது. விளையாட்டு, குரல் பயிற்சி, காட்சி கட்டுவது, திரும்பத் திரும்ப ஒத்திகை. மேடையேற்றம் கடைசியில் வரும், வராமலும் போகலாம்.

என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பலன் ஒத்திகையில்தான். இன்னொருவன் வசனத்தை முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், நாம் வரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் வேலை நின்றுவிடும் என்பது தெரிய வேண்டும், கோபத்தை நடித்துக் காட்டிவிட்டு அடுத்த நிமிடமே சிரித்துக்கொண்டு உட்கார முடிய வேண்டும். இதையெல்லாம் உபதேசமாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் உபதேசம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள்.

குற்றம் செய்தவனுக்கு நாடகம் ஒரு கேடா? பாதிக்கப்பட்டவர்கள் என்ன நினைப்பார்கள்?

நியாயமான கேள்வி, கேட்கிறவரைக் கோபிக்க வேண்டாம். தண்டனை என்பது சுதந்திரம் போவது. உள்ளே இருக்கிற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 105ஆவது விதி, எல்லாச் சிறைகளிலும் கைதிகளின் உடல், மன நலத்துக்காகப் பொழுதுபோக்கும் கலாசார நடவடிக்கைகளும் இருக்க வேண்டும் என்கிறது. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை, ஆனால் அனுமதிக் கடிதம் எழுதும்போது கைகொடுக்கும்.

அப்புறம், நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் விளக்கமறியலில் இருப்பவர்கள், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்கள். தண்டனைக் கைதிகளிலும் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள் நிறைய. “குற்றம் செய்தவன்” என்று ஒரே சொல்லில் எல்லோரையும் கட்டிவிட முடியாது.

பாதிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். உண்மையில் நடந்த ஒரு குற்றத்தை மேடையில் கொண்டுவர வேண்டாம். ஒரு தோட்டத்தில் நடந்தது அடுத்த மூன்று தோட்டத்துக்குத் தெரியும், பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேறு எங்கே இப்படி நடந்திருக்கிறது?

நிறைய இடங்களில். எல்லோரும் முதலில் சொல்வது கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறை. 1957 நவம்பரில் வெளியிலிருந்து வந்த ஒரு நாடகக் குழு சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தைச் சுமார் 1,400 கைதிகள் முன்னால் நடித்தது. அந்த நாடகத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் அதில் பெண் பாத்திரம் இல்லை என்பதுதான்! படித்தவர்களே புரியவில்லை என்று எழுந்துபோன நாடகம் அது. ஆனால் வராத ஒருவருக்காக நாள் முழுக்கக் காத்திருப்பது என்னவென்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுள் தண்டனையில் இருந்த ரிக் க்ளூச்சி என்பவர் பிறகு அதே சிறைக்குள் நாடகக் குழு நடத்தி, விடுதலையாகி, பெக்கெட்டுடனேயே வேலை செய்தார்.

இத்தாலியில் வோல்ட்டெர்ரா சிறையில் அர்மாண்டோ புன்சோ 1988இல் தொடங்கிய குழு இன்றைக்கும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1995 முதல் கைதிகளைக் கொண்டே ஷேக்ஸ்பியர் போடுகிறார்கள். லெபனானில் ஸெய்னா தக்காஷ் என்ற பெண் 2009இல் ரூமியே சிறையில் ‘பன்னிரண்டு கோபக்கார மனிதர்கள்’ நாடகத்தைக் கைதிகளோடு செய்தார். அமைச்சர்களும் நீதிபதிகளும் வந்து பார்த்தார்கள். 2002இல் எழுதப்பட்டும் தூங்கிக்கொண்டிருந்த தண்டனைக் குறைப்புச் சட்டம் பிறகு நடைமுறைக்கு வந்ததில் அந்த நாடகத்துக்கும் பங்கு உண்டு என்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலே என்றால் இந்தியா. கர்நாடகச் சிறைகளில் ஹுலுகப்பா கட்டிமணி பல வருடமாகக் கைதிகளோடு நாடகம் செய்து, அவர்களை வெளி மேடைக்கே கூட்டிவந்து நடிக்க வைத்தவர். கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய், தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வைக் கைதிகளை வைத்துச் செய்தார். கொள்ளைக்காரன் கவிஞனாகிற கதை, யாருக்குப் பொருந்தும் என்று சொல்லவா வேண்டும். அதில் வால்மீகியாக நடித்தவர் விடுதலையானபின் வங்காளச் சினிமாவில் நடிகரானார்.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு நம்மவரும் சினிமாவுக்குப் போவார்கள் என்று கனவு காண வேண்டாம். இவையெல்லாம் பல வருடம் ஓடிய வேலைகள், நம் கண்ணில் படுவது கடைசிக் காட்சி மட்டும்.

மலையகத்தில் எங்கே செய்யலாம்?

கண்டி என்றதும் எல்லோருக்கும் போகம்பரைதான் ஞாபகம் வரும். 1876இல் கட்டிய அந்தச் சிறை மூடப்பட்டுவிட்டது, 2014இன் தொடக்கத்தில் கைதிகளைப் பல்லேகலையில் கட்டிய தும்பறைச் சிறைக்கு மாற்றினார்கள். பல்லேகலையில் திறந்தவெளி முகாமும் இருக்கிறது. ஊவாப் பக்கம் பதுளைச் சிறைச்சாலை, தல்தெனையில் இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இளைஞர்கள் இருக்கிற இடத்தையோ திறந்தவெளி முகாமையோ முதலில் யோசிக்கலாம். உயர் பாதுகாப்புப் பகுதிக்கு எடுத்த எடுப்பில் போக ஆசைப்படாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் அதை நினைப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பெறுகிறவர்கள் வெளியில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு பிரதேச செயலகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு மண்டபத்தில் வேலை செய்யலாம். கம்பிக் கதவு இல்லை, கையை விரித்துத் தேடிப்பார்ப்பதும் இல்லை, பழகிக்கொள்ள நல்ல இடம்.

அனுமதி எப்படி எடுப்பது?

முதலில் சிறையின் நலன்புரி உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிறைக்குப் பொறுப்பான அத்தியட்சகருக்குக் கடிதம், அங்கிருந்து கொழும்பிலுள்ள தலைமையகத்துக்கு, சிறைச்சாலை ஆணையாளர் நாயகத்தின் பெயருக்கு. கடிதம் சிங்களத்திலும் இருக்கட்டும். யார் யார் வருகிறீர்கள், அடையாள அட்டை இலக்கம், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்னென்ன பொருள் கொண்டுவருகிறீர்கள், நாடகப் பிரதி என்றால் அதன் சுருக்கம் எல்லாம் வேண்டும். “கைதிகளின் ஆளுமை விருத்தி” என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, “செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை, பதினைந்து பேர், ஒரு அறை” என்று எழுதினால் வாசிக்கிறவருக்குப் படம் கிடைக்கும்.

பதில் வரத் தாமதமாகும். ஆளும் மாறுவார்கள், புது அத்தியட்சகர் வந்தால் மறுபடியும் முதலில் இருந்து.

காமன் கூத்து போடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போடலாம், ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

வெளியிலிருந்து போகிற நாடகக்காரர்கள் பொதுவாக ஒரு தப்பு செய்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு நாடகம் தெரியாது, நாம் போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் சின்ன வயதிலிருந்து மாசி மாதம் கூத்து ஆடுகிற திடலான காமன் பொட்டலில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர். அவரே ரதியாகவோ மதனாகவோ தூதனாகவோ ஆடியிருக்கலாம், தப்பு மேளம் அடித்திருக்கலாம், அவருடைய தாத்தா கூத்து வாத்தியாராக இருந்திருக்கலாம். காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்ற மூன்று கூத்துகளும் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் கையோடு கொண்டுவந்து, இருநூறு வருசமாக இந்த மலையில் காப்பாற்றி வைத்திருப்பவை. சிறைக்கு உள்ளேயும் அந்த அறிவு இருக்கிறது. “யாருக்காவது காமன் பாட்டு தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள், அதுவரை மூலையில் குந்தியிருந்த ஒரு வயசாளி தொடங்குவார்.

கதையையும் பாருங்கள். தேவர்கள் ஏவிவிட, சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான் மன்மதன். போகாதே என்கிறாள் ரதி. போகிறான், எரிந்து சாம்பலாகிறான், அவள் அழுது மன்றாடி உயிர் வாங்குகிறாள். ஏவியவன் தப்பித்துக்கொள்கிறான், போனவன் எரிகிறான், வீட்டுக்காரி அலைகிறாள். போதைப்பொருள் கைமாற்றப் போய் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற ஒரு பையனிடம் இந்தக் கதையை நாம் விளக்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் காமன் பண்டிகையை ஒட்டி நடக்கும் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் நின்று வாதாடுவார்கள். காமன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று. அந்த அமைப்பை எடுத்து, ரதி ஒரு பக்கம், சிவன் ஒரு பக்கம், ஏவிவிட்ட இந்திரனும் கூண்டில் ஏறிப் பதில் சொல்லட்டும் என்று விட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. நீதிமன்ற மொழி அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும்.

சரி, சிக்கல்கள். முதலாவது, இது வெறும் நாடகம் இல்லை, சடங்கு. மூன்றாம் பிறை பார்த்துக் காமன் நடுவது, விரதம் இருப்பது, தகனம் என்று முறை இருக்கிறது. விரதமில்லாமல் வேடம் கட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். அப்படியானால் “காமன் கூத்து” என்று பெயர் வைக்காமல், அதன் பாட்டையும் அடவையும் எடுத்து வேறு நாடகம் கட்டலாம். இரண்டாவது, நெருப்பு. தகனத்துக்கு மட்டுமில்லை, தப்பைக் காய்ச்சாமல் சத்தம் வராது. உள்ளே யார் நெருப்பு மூட்ட விடுவார்கள்? வெயிலில் வைக்கலாம், நுவரெலியாக் குளிரில் அதுவும் கஷ்டம், பிளாஸ்டிக் தோல் போட்ட மேளத்தோடு சமாளிக்க வேண்டியதுதான். மூன்றாவது, இரவு. பொழுது சாய்வதற்கு முன்னமே அடைத்துவிடுவார்கள், ஆகவே பகலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டும்.

அர்ச்சுனன் தபசு பற்றியும் கேட்கிறார்கள். உயரமான கம்பத்தில் ஏறி நின்று பாடுகிற காட்சி அதன் உயிரே. மதிலுக்குப் பக்கத்தில் அவ்வளவு உயரக் கம்பம் நடுவதற்கு எந்த அத்தியட்சகரும் கையெழுத்துப் போடமாட்டார், கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

அவர்களுடைய சொந்தக் கதையை நடிக்க வைத்தால் மனம் இறங்கும் இல்லையா?

வேண்டாம். குறிப்பாக வழக்கு நடந்துகொண்டிருப்பவரிடம் “அன்றைக்கு என்ன நடந்தது, செய்து காட்டுங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த அறையில் காவலர் இருப்பார், மற்றக் கைதிகள் இருப்பார்கள், அங்கே சொன்னது நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும். பார்வையாளரை அழ வைப்பதற்காக ஒருவரின் காயத்தைக் கிளறுவது எனக்கு அறவே பிடிக்காத வேலை, அழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், இவர் அந்த மனநிலையோடு செல்லுக்குத் திரும்ப வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் அகுஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில் ஒரு பிரச்சினையைக் காட்டி, சரியான இடத்தில் நிறுத்தி, “நீங்கள் அவன் இடத்தில் இருந்தால்?” என்று பார்வையாளரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். போவாலே 1971இல் பிடித்து அடைக்கப்பட்டுச் சித்திரவதை பட்டவர், பிற்காலத்தில் சிறைகளிலும் வேலை செய்தார். பிரிட்டனில் கீஸ் தியேட்டர் என்ற குழு முகமூடியைப் பயன்படுத்துகிறது. பாத்திரம் வெளியில் காட்டுகிற முகம் ஒன்று, முகமூடியைத் தூக்கினால் உள்ளே நினைக்கிறது வேறு. கற்பனைப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று பேசும்போது ஆட்கள் தங்களைப் பற்றித் தாங்களாகவே யோசிப்பார்கள். சம்பள நாளில் கடன்காரன் வாசலில் நிற்கிறான், கூட்டாளி தண்ணியடிக்கக் கூப்பிடுகிறான், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காட்சி ஒன்று போதும், யாருடைய பெயரும் தேவையில்லை.

விளக்கமறியலில் இருப்பவர்களோடு செய்ய முடியுமா?

முடியும், நீண்ட நாடகமாக முடியாது. இன்றைக்கு இருப்பவர் நாளைக்குப் பிணையில் போய்விடுவார், வழக்குத் தவணைக்கு நாலு பேரைக் கூட்டிப்போய்விடுவார்கள், கதாநாயகனே காணாமல் போவான் (போனால் சந்தோஷப்படத்தான் வேண்டும்). அன்றைக்குத் தொடங்கி அன்றைக்கே முடிகிற பயிற்சிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்களக் கைதிகளும் இருப்பார்களே, எந்த மொழியில் செய்வது?

கண்டியிலும் பதுளையிலும் காவலர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள், கைதிகளிலும் பெரும்பான்மை அவர்கள்தான். தமிழர் மட்டும் தனியாக ஒரு மூலையில் கூடினால் சந்தேகக் கண் விழும், நமக்குப் பழகிப்போன விஷயம். அதற்காகத் தமிழை விட்டுவிடக் கூடாது. ஒருவர் அழுவதும் திட்டுவதும் தாலாட்டுவதும் தாய்மொழியில்தான் சரியாக வரும், அதுவும் நம் தோட்டத்துத் தமிழில், யாழ்ப்பாணத்துப் பேச்சையோ சினிமாத் தமிழையோ யாரும் அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம்.

கலந்து செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. பராக்கிரம நிரியெல்ல, எச்.ஏ. பெரேரா தொடங்கிய ஜனகரளிய நடமாடும் அரங்கு தமிழ், சிங்கள நடிகர்களை ஒன்றாக வைத்து இரண்டு மொழியிலும் நாடகம் போட்டது, தமிழ் நடிகர் சிங்களத்திலும் சிங்கள நடிகர் தமிழிலும் பேசினார்கள். உள்ளே சில மாதம் ஒரே அறையில் இருந்தவர்கள் எப்படியும் அரைகுறையாக இரண்டு மொழியும் பேசுவார்கள். அந்த அரைகுறையே நகைச்சுவைக் காட்சிக்குப் போதும்.

உடை, பொருட்கள்?

கயிறு, கண்ணாடி, கம்பி, கம்பு, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். சலங்கையைக்கூடக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். போன் வாசலோடு சரி. காகிதம், அட்டை, பழைய சாக்கு, சாயம் இருந்தால் கிரீடமும் வில்லும் உள்ளேயே செய்துவிடுவார்கள், உள்ளே தச்சு, தையல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. போகும்போது எண்ணிக் கொடுத்ததை வரும்போது எண்ணி வாங்குங்கள். ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் அன்றோடு நிகழ்ச்சி முடிந்தது.

காவலர்களை எப்படிச் சமாளிப்பது?

சமாளிப்பது என்று நினைக்காதீர்கள். கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை, அவர்களுக்கும் அலுப்பு. உங்கள் ஒத்திகை என்றால் கூடுதலாக ஒருவர் அங்கே நிற்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முடியுங்கள், பெயர் தெரிந்து பேசுங்கள். ஒத்திகையைத் தொடர்ந்து பார்க்கிற காவலர் சில வேளை தானாகவே “அந்த இடத்தில் சத்தம் போதாது” என்று சொல்வார், அதைக் கேட்டு மாற்றுங்கள், நன்மைதான்.

பெண்கள் பிரிவில்?

கட்டாயம் செய்ய வேண்டும், எண்ணிக்கை குறைவு என்பதால் எல்லோரும் அவர்களை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் கிளீன் பிரேக் என்ற குழுவை 1979இல் தொடங்கியவர்கள் இரண்டு பெண் கைதிகளே. போகிறவர்களும் பெண்களாக இருப்பது நல்லது. ஒப்பாரியும் தாலாட்டும் கொழுந்தெடுக்கிற பாட்டும் அவர்களிடம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். சில தாய்மாரோடு கைக்குழந்தையும் இருக்கும், ஒத்திகைக்கு நடுவில் பிள்ளை அழுதால் அழட்டும்.

நாடகம் செய்தால் திரும்பக் குற்றம் செய்யமாட்டார்களா?

அப்படி உத்தரவாதம் யாரும் தர முடியாது. வெளிநாட்டு நிகழ்ச்சிகள் தங்கள் ஆட்களில் மிகக் குறைவானவர்களே திரும்ப உள்ளே வருகிறார்கள் என்று சொல்கின்றன. கவனமாகப் பார்க்க வேண்டும், நாடகத்துக்கு விரும்பி வருகிறவர் ஏற்கெனவே மாற வேண்டும் என்று நினைத்தவராக இருக்கலாம், அதனால் எல்லாப் பெருமையும் நாடகத்துக்குச் சேராது. நிதி கேட்கிற கடிதத்தில் பெரிய வாக்குறுதி எழுதி, பிறகு ஒருவர் மறுபடி மாட்டும்போது முழு வேலையும் தோற்றுப்போனதாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். உள்ளே சண்டை குறைகிறதா, வாசிக்கத் தெரியாதவர் பிரதியைப் பார்க்க எழுத்துக் கூட்டுகிறாரா, வராமல் இருந்த ஆள் வருகிறாரா, இவை கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள்.

வெளியே வந்த பிறகு?

இங்கேதான் நம் ஊர் கஷ்டம். டவுனில் ஒருவர் வேறு தெருவுக்குப் போய்ப் புதிதாக வாழலாம். லயத்தில் முடியாது, பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை, கைவிலங்கோடு போனதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கேயே இருக்கிறார்கள். தோட்டத்தில் திரும்ப வேலைக்குப் பேர் பதிவார்களா என்பதும் தெரியாது. நாடகக் குழு செய்யக்கூடியது சின்ன விஷயம், ஆனால் பெறுமதியானது. அடுத்த மாசியில் கூத்து நடக்கும்போது அவரையும் கூப்பிடுங்கள், தப்படிக்கவோ வேடம் கட்டவோ. கூத்து வாத்தியாரிடம் முன்னமே பேசி வையுங்கள், தோட்டத் தலைவரிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் உள்ளே போய் வேலை தொடங்குகிற நாளிலேயே இதை யோசித்திருக்க வேண்டும், விடுதலை அன்றைக்கு யோசித்தால் தாமதம்.

படம் எடுத்து பேஸ்புக்கில் போடலாமா?

போட வேண்டாம். அதிகாரி அனுமதித்தாலும், அவரே சம்மதித்தாலும் போட வேண்டாம். பத்து வருசம் கழித்து அவருடைய மகளைப் பெண் பார்க்க வருகிறவர் அந்தப் படத்தைத் தேடி எடுப்பார்.

நாடகம் பார்க்க வீட்டாரை அழைக்கலாமா?

அனுமதி கிடைத்தால் அதைவிடச் சிறந்த பார்வையாளர்கள் இல்லை. ஆனால் மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒரு அம்மா பல்லேகலைக்கு வருவதென்றால் ஹட்டன் பஸ், கண்டி பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு, பிள்ளைகளுக்கும் பஸ் காசு, சாப்பாடு. நிகழ்ச்சிக்குப் பணம் சேர்க்கிறவர்கள் மேடைத் திரைச்சீலைக்கு முன் இந்தப் பஸ் காசுக்கு ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா என்று கேளுங்கள், பேர் போகாது.

அழைப்பு அனுப்புவதற்கு முன் கைதியிடம் தனியாகக் கேளுங்கள். “அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்கிறார்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிற வீடுகள் நிறைய. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். மனைவி மட்டும் வரட்டும் என்றால் மனைவிக்கு மட்டும் சொல்லுங்கள், கடிதமாக இல்லாமல் ஆள் மூலம்.